மேட்டுத் தெருவில் நாற்பது அடி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் நீ பதில் எழுத மாட்டாய். அதனால் கேட்கவில்லை. போன வாரம் உன் வீட்டுக்காரியிடம் ஃபோனில் பேசினேன். “அவர்கிட்ட குடுக்கட்டுமா அண்ணி?” என்று கேட்டாள். “வேண்டாம்மா, முகவரி மட்டும் சொல்லு, எழுதிக்கிறேன்” என்றேன். பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ ஃபோனை வைத்துவிடுவாய். இரண்டும் எனக்கு வேண்டாம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா போனபோது வந்தாய். வாசலிலேயே நின்றாய். வந்தவர்கள் எல்லோரிடமும் பேசினாய், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்பதற்கு இந்தக் கடிதம் இல்லை. இது நகரசபைக் காரியம்.

நான் இப்போது நகரசபைத் தலைவி. யாராவது சொல்லியிருப்பார்கள். மேட்டுத் தெருவில் மழைநீர் வடிகால் கட்டப் போகிறோம். மழை பெய்தால் தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போய்விடுகிறது, பிள்ளைகள் பெஞ்சுமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். வடிகாலுக்குத் தோண்டும்போது அந்தத் தெருவின் குடிநீர்க் குழாயை மட்டும் அடைக்க வேண்டும். அதற்கு மூன்றாவது வால்வு வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெரிய தொட்டியிலேயே அடைத்தால் ஆஸ்பத்திரி உட்பட ஊருக்கே தண்ணீர் நின்றுவிடும்.

வரைபடத்தைக் கரையான் தின்றுவிட்டது. புதுக் கட்டடத்துக்கு மாறும்போது கோப்புக் கட்டைப் பிரித்தால் உள்ளே மண்தான் இருந்தது. பழைய ஃபிட்டர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அந்தக் குழாயைப் போட்டவன் நீ. நாலு வால்வையும் உன் கையால் பொருத்தினாய். எங்கே என்று எழுது.

அக்கா


ஜனவரி 24

மதிப்புக்குரிய நகரசபைத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் 12-ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் தங்கள் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. தரமில்லாத வேலை செய்தவன் என்று என்னைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. நகரசபையின் எந்த வேலையிலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ நான் பங்குபெறக் கூடாது என்று அதில் இருக்கிறது. வால்வு இருக்கும் இடத்தைச் சொல்வது நேரடிப் பங்கா, மறைமுகப் பங்கா என்று எனக்குத் தெரியவில்லை. தங்கள் வக்கீலைக் கேட்டுச் சொல்லவும்.

அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாகத் தூக்கிய கைகளில் முதல் கை யாருடையது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று நான் பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன். பச்சைக் கண்ணாடி வளையல்.

இங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் கிடங்குக் காவலனாக இருக்கிறேன். சிமெண்ட் மூட்டை உள்ளே வந்தால் ஒரு கோடு, வெளியே போனால் ஒரு கோடு. கோடு போடுவதில் யாரும் என்மேல் குற்றம் சொல்வதில்லை.

இப்படிக்கு,
முன்னாள் ஒப்பந்தக்காரன்


பிப்ரவரி 2

டேய்,

மதிப்புக்குரியவளும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உன் கடிதத்தை அலுவலகத்தில் தபால் பிரிக்கும் அம்மா பிரித்துவிட்டார். “யாரோ கோவக்காரக் கான்ட்ராக்டர்போல, கோப்புல சேர்த்துடவா?” என்று கேட்டார். பிடுங்கிக்கொண்டு வந்தேன். இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுது.

வால்வைத் தேடி இதுவரை ஒன்பது குழி தோண்டியாயிற்று. ஒன்றிலும் இல்லை. ஒன்றில் யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு இருந்தது. தெருவில் நான் நடந்தால், “தலைவியம்மா புதையல் தேடுறாங்க” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பொக்லைன் மார்ச் 18-ஆம் தேதி வருகிறது. அதற்குள் வால்வு கிடைக்க வேண்டும்.

உன் கடிதத்தின் எழுத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. அதே கோழிக் கிறுக்கல். அந்தக் கிறுக்கலுக்குப் பயந்துதானே உன் டெண்டர் படிவம் எல்லாவற்றையும் நான் எழுதிக் கொடுத்தேன். நாம் அதைக் கற்றுக்கொண்டது அப்பாவின் மேசையில். அப்பா காலையில் பேப்பர் படித்தால் டெண்டர் அறிவிப்பு மட்டும்தான் படிப்பார். நாட்டில் என்ன நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், “மூணாவது வார்டுல ஒரு சின்னப் பாலம் கட்டப் போறாங்க” என்பார். அவருக்கு அதுதான் நாடு. டெண்டர் போடும் நாளில் உறையை ஒட்டி அரக்கு வைப்பது நம் வேலை. உன் கையில் மெழுகுவத்தி, என் கையில் அரக்குக் குச்சி. நீ மெழுகுவத்தியை ஆட்டிக்கொண்டே இருப்பாய், அரக்கு மேசையெல்லாம் சொட்டும். அப்பா திட்டவே மாட்டார். சொட்டியதைப் பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்துத் திரும்ப உருக்குவார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவார். டேப்பின் பூஜ்ய முனையைப் பிடிப்பது நான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது நீ. எத்தனை அடி என்று பார்க்காமலே “வந்தாச்சு” என்று கத்துவாய். அப்பா வந்து பார்த்தால் டேப் முறுக்கிக்கொண்டிருக்கும்.

குடிநீர்க் குழாய் வேலைக்கு நீ டெண்டர் போட்டபோது அப்பா இல்லை. நான்தான் எழுதினேன். “நான்கு அடி ஆழத்தில்” என்று ஏழு இடத்தில் எழுத வேண்டியிருந்தது. ஏழாவது இடத்தில் கை வலித்து, “இத்தனை தடவை எழுதுனதுக்கு நானே தோண்டியிருப்பேன்” என்றேன். நீ சிரித்தாய். உறையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நாம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒவ்வொரு உறையாகப் பிரித்துப் படித்தார்கள். உன் பெயர் கடைசியில் வந்தது. எனக்கு முன்னால் எழுந்து ஓடி, கதவில் இடித்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் நான் மன்றத்துக்கு நின்றேன், ஜெயித்தேன். அதற்கப்புறம் குழாய் வெடித்தது. அதற்கப்புறம் நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றிச் சண்டை போட வேண்டுமானால் வா, போடுவோம். வால்வு என்ன பாவம் செய்தது?

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தை வீட்டுக்காரி படித்துவிட்டு, “டேப் முறுக்கிக்கிட்டா அளவு வராதே” என்று சொல்லி அரைமணி நேரம் சிரித்தாள். அதற்கப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். தபாலாபீஸ் முனையில் இரண்டாவது வால்வு உங்களுக்குக் கிடைத்திருக்கும். அங்கேயிருந்து மரக்கடைச் சந்து வழியாக மேட்டுத் தெருப் பக்கம் நட. என் நடையில் நூற்றுப் பத்து எட்டு. நீ நடந்தால் நூற்று நாற்பது ஆகும், சின்னச் சின்ன எட்டாக வைப்பாய். சந்து முடிந்து தெரு தொடங்குகிற இடத்தில் கடிகாரக்காரர் கடை. கடையின் இடது தூணுக்கு நேராகத் தெருவுக்குள் மூன்று எட்டு. அங்கேதான் மூன்றாவது வால்வு. இரும்பு மூடி, செங்கல் கட்டிய குழி. கடிகாரக்காரர் தினமும் வந்து பார்த்து, “என் கடைக்கு முன்னாடி கல்லறை கட்டுறியா?” என்று கேட்பார். மூடியை மூடின அன்று உள்ளே எட்டிப் பார்த்து, “நல்லாத்தான் கட்டியிருக்க, வாடகைக்கு விடலாம்” என்றார். நாலாவது வால்வு மேட்டுத் தெருவின் மறு கோடியில், லாரி எடைபோடும் மேடைக்கு எதிரே. அதை இப்போது தொட வேண்டாம்.

இதை எழுதுவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருக்களில் நடந்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. மரக்கடையில் அறுத்த மரத்தூளின் வாசம். தபாலாபீஸ் ஜன்னலில் முத்திரை குத்தும் சத்தம். சந்தில் எதிரே ஆள் வந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க வேண்டும். இங்கே இருக்கும் தெருக்கள் எல்லாம் அகலம். பதினேழு வருஷமாக நடக்கிறேன், ஒரு வீட்டுக்கு எதிர் வீடு எது என்று சொல்லத் தெரியவில்லை.

குழாயில் முதல் தண்ணீர் வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? பழைய தலைவர் மாலை போட்டுக்கொண்டு தொட்டியடியில் பேசிக்கொண்டே இருந்தார். கூட்டம் அங்கே. நான் அங்கே நிற்கவில்லை. சந்துக் குழாயடியில் நின்றேன். அம்மா குடத்தோடு நின்றாள். நீ நின்றாய், உன் பெண் இடுப்பில். முதலில் காற்று வந்தது. அப்புறம் செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. அம்மா முகம் வாடிப்போயிற்று. “இருங்கம்மா, இது குழாய் கழுவுற தண்ணி” என்றேன். அப்புறம் சுத்தமாக வந்தது. அம்மா குடத்தை வைக்காமல் கையை நீட்டி நனைத்துக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்ற ஒருத்தி, “குடத்தை வைங்கம்மா, வீணாப்போவுது” என்றாள். அம்மா, “இருடி, எம் புள்ள கொண்டுவந்தது” என்றாள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் இங்கே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மேட்டுத் தெருவில் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி பொக்லைன் விடாதே. அங்கே மட்டும் கடப்பாரையால் தோண்டச் சொல்.

தம்பி


பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

கிடைத்துவிட்டது.

கடிகாரக்காரர் கடை இப்போது ஜெராக்ஸ் கடை. இடது தூண் அப்படியே இருக்கிறது. எங்கள் பொறியாளர் சின்னப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. உன் கடிதத்தில் அந்தப் பத்தியை மட்டும் அவளிடம் படித்துக் காட்டினேன். “எட்டு என்றால் எத்தனை சென்டிமீட்டர் மேடம்?” என்று கேட்டாள். “என் தம்பி எட்டு. நான் நடந்து காட்டுறேன்” என்று உன்னை மாதிரி காலை அகட்டி மூன்று எட்டு வைத்தேன். ஜெராக்ஸ் கடையில் நின்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நின்ற இடத்தில் குத்தினார்கள். தார், அதற்குக் கீழே தார், அதற்குக் கீழே சரளை, அப்புறம் ணங் என்று ஒரு சத்தம். இரும்பு மூடி. செங்கல் ஒன்றுகூட நகரவில்லை. வால்வுக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து இரண்டு பேர் திருகினார்கள். திரும்பியது. அந்தப் பெண் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு, “இவ்வளவு நல்லா வேலை செஞ்சவரையா மேடம் பட்டியல்ல வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் பழைய கோப்பைத் தேடினேன். கரையானுக்குத் தப்பிய பெட்டியில் இருந்தது. குழாய் வெடித்த பிறகு அன்றைய பொறியாளர் கொடுத்த அறிக்கை. ஒன்றரைப் பக்கம். “குழாய் போதிய ஆழத்தில் இல்லை என்று கருதப்படுகிறது. அடுத்த நாற்பது அடியையும் தோண்டி அளந்து உறுதிசெய்ய வேண்டும்” என்று முடிகிறது. தோண்டவில்லை, தம்பி. ஒருத்தரும் தோண்டிப் பார்க்கவில்லை. கருதப்படுகிறது என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உன்னைப் பட்டியலில் சேர்த்துவிட்டோம். நீ அன்று என்ன சொன்னாய்? “வெடிச்ச இடத்துல தண்ணியே மண்ணையெல்லாம் அடிச்சிட்டுப் போயிடுச்சு, எதை வெச்சு ஆழம் அளந்தீங்க? ரோடு தாங்காத லாரியை விட்டது யாரு?” என்று கேட்டாய். நீ சொன்னது சரி என்று எனக்கு இப்போது தெரிகிறது.

மார்ச் 14-ஆம் தேதி மன்றக் கூட்டம். உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க நானே தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். எழுதி வைத்துவிட்டேன். நாலு முறை அடித்துத் திருத்திவிட்டேன், என் எழுத்துக்கே உன் எழுத்து வந்துவிட்டது. உறுப்பினர்கள் சிலரிடம் பேசியும் ஆயிற்று. யாரும் எதிர்க்கவில்லை. சிலருக்கு நீ யார் என்றே தெரியவில்லை, அதில் எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்று. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி பொக்லைன் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வடிகால் ஒப்பந்தக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “நாலடியில குழாய் இருக்குன்னா, மேல ரெண்டரை அடி வரைக்கும் மிஷினு தாராளமாப் போவும். கையால தோண்டணும்னா காரணம் எழுதிக் குடுங்க” என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தானே. ஏன் வேண்டாம் என்று இரண்டு வரி எழுது. கூட்டத்தில் படிக்கிறேன்.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிடங்குக்குப் போய் வந்தேன். தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன் என்ற வரியை எத்தனை முறை படித்தேனோ. கடைசிப் பத்தியைப் படிக்காமல் மடித்து மடித்து வைத்தேன்.

முந்தாநாள் மூட்டை இறக்கிய லாரி ஒன்று பின்னால் வந்து கிடங்குச் சுவரில் இடித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் காரை உதிர்ந்தது. ஆனால் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் சொன்னேன், இப்போது உனக்கு எழுதப் போவதை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமல், “எனக்குச் சொன்னா போதுமா? அண்ணிக்கு எழுதுங்க. இன்னிக்கே எழுதுங்க” என்றாள்.

அக்கா, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிய அந்த நாற்பது அடி நீளத்துக்குக் குழாய் நாலு அடி ஆழத்தில் இல்லை. பதினெட்டு அங்குலத்தில் இருக்கிறது.

பொக்லைன் விட்டால் முதல் வாளியிலேயே உடையும். வால்வை அடைத்தாலும் உள்ளே நிற்கும் தண்ணீர் பீறிட்டுச் சுவரடி மண்ணைக் கரைக்கும். அந்தப் பக்கம் பிள்ளைகள் இருப்பார்கள். இதுதான் நீ கேட்ட காரணம். கூட்டத்தில் படி.

எப்படி நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் பாதிதான் சொன்னதாக ஆகும். மேட்டுத் தெருவில் இரண்டடிக்குக் கீழே பாறை வந்தது. வெடி வைக்கலாம் என்றால் பள்ளிக்கூடச் சுவர் ஆறடி தூரத்தில். உளியால் வெட்டினால் இரண்டு மாதம் ஆகும். பழைய தலைவர் திறப்பு நாளை அறிவித்துவிட்டார், நோட்டீஸ் அடித்தாயிற்று. பொறியாளரிடம் போனேன். பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இப்போதைக்குப் போட்டு மேல கான்கிரீட் மூடு. திறப்பு முடிஞ்சதும் பார்த்துக்கலாம்” என்றார். அளவுப் புத்தகத்தில் நாலடி என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர்மேல் பழி போட இதை எழுதவில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

திறப்பு முடிந்ததும் திரும்பத் தோண்டிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் தண்ணீர் வந்துவிட்டதே. அம்மா அந்தத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு நின்றாளே. அதை இரண்டு மாதம் நிறுத்து என்று யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த மாதம் என்றேன், மழை முடியட்டும் என்றேன், அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. தினமும் காலையில் அந்த வழியாகப் போய் லாரி போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உனக்குத் தெரியாது. கான்கிரீட் முடிகிற இடத்தில் வெடித்தது. சுவர் பன்னிரண்டு அடி நீளத்துக்கு உள்பக்கமாக விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வகுப்பில் யாரும் இல்லை. அந்தப் பெஞ்சுகளை நான் போய்ப் பார்த்தேன். சுவர் அவற்றின்மேல்தான் கிடந்தது.

அப்புறம்தான் லாரியைச் சொன்னேன், மண் அரிப்பைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது. உன்மேல் கோபப்பட்டதும் அப்படித்தான். அக்கா கையைத் தூக்கினாள், அக்கா கையைத் தூக்கினாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நான் என்ன செய்தேன் என்பதை நினைக்க வேண்டியதில்லை. அம்மா செத்த அன்று உன்னோடு பேசாமல் போனது அதனால்தான். பேசியிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான்கு அடி என்று நீ ஏழு இடத்தில் எழுதினாய். கை வலிக்க எழுதினாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தீர்மானத்தைக் கிழித்துப் போட்டுவிடு. இந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர். ஆனால் 18-ஆம் தேதிக்கு முன்னால் அந்த மிஷினை நிறுத்து.

தம்பி


மார்ச் 29

என் தம்பிக்கு,

உன் கடிதம் 12-ஆம் தேதி மத்தியானம் வந்தது. சாப்பிட உட்கார்ந்தவள் எழுந்துவிட்டேன். நேராகப் போய் ஒப்பந்தக்காரரிடம் மிஷின் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் இரண்டாம் முறை படித்தேன். அப்புறம் உன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்போது என் பெண் படித்தாள். உனக்கும் தெரியும். அந்த வகுப்பில் இல்லை, அடுத்த அறையில். இரண்டு நாள் உன் பெயரைச் சொன்னாலே எனக்கு உடம்பு எரிந்தது.

பதினான்காம் தேதி காலையில் கூட்டத்துக்குப் புடவை கட்டும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அதை நீ எழுதியதுபோல நானும் எழுதிவிடுகிறேன்.

அந்த அறிக்கையை நான் அன்று படிக்கவில்லை. போன மாதம் பெட்டியில் எடுத்தபோதுதான் முதல் தடவையாகப் படித்தேன். அன்று கூட்டம் தொடங்கும் முன் பழைய தலைவர் என்னைக் கூப்பிட்டு, “உங்க தம்பி விஷயம், நீங்க வேணா கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா, ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்க” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் போகவில்லை. அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். முதுகுக்குப் பின்னால் எனக்குக் கான்ட்ராக்டர் அக்கா என்று பெயர். ‘நான் அப்படி இல்லை’ என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினேன். நீ தப்பு செய்தாயா இல்லையா என்று எனக்கு அன்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அந்தக் கை சரியான பக்கம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் நேர்மைக்காரி என்று பதினேழு வருஷமாக ஊரில் பெயர் வாங்கியிருக்கிறேன். தேர்தலில்கூட அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். நான் தடுக்கவில்லை.

கூட்டத்தில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றேன். உன் கடிதத்தைப் படித்தேன். அம்மா பற்றியும் என் கை பற்றியும் இருந்ததை விட்டுவிட்டு மற்றது முழுவதும். அப்புறம் அன்றைக்கும் உறுப்பினராக இருந்தவர், இப்போது காதும் சரியாகக் கேட்காது, பக்கத்தில் இருந்தவரிடம், “என்ன சொல்றான்?” என்று கேட்டார். அவர் காதில் உரக்கச் சொன்னார். “அன்னிக்கு நாங்க தோண்டிப் பார்க்கணும்னு நினைச்சோம்மா. தோண்டியிருந்தா கையெழுத்துப் போட்ட எல்லாரும் மாட்டியிருப்பாங்க. பையனோட நிறுத்திக்கிட்டோம்” என்றார் கிழவர். அதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னேன். குறிப்பெழுதும் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எழுதும்மா” என்றேன். அப்புறம் அன்று நான் படிக்காமல் ஓட்டுப் போட்டதையும் சொன்னேன். அதுவும் குறிப்பில் இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் மறுநாளே நோட்டீஸ் அடித்துவிட்டார். என் படம் நன்றாக வரவில்லை.

பன்னிரண்டு பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக நாலு நாள் தோண்டினார்கள். பிள்ளைகளுக்கு லீவு விட்டோம். நான் எதிர்த் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு அங்குலம் என்று எழுதியிருந்தாய். இருபத்திரண்டு இருந்தது. எனக்குச் சுருக்கென்றது, நீ மறுபடியும் அளவு தப்பாகச் சொல்லிவிட்டாயோ என்று. பொறியாளர் பெண் வெட்டிய பக்கத்தைக் காட்டி, “மேல இருக்கிற நாலு அங்குலம் அப்புறம் போட்ட தாரு மேடம். அவர் சொன்னது சரிதான்” என்றாள். கீழே கான்கிரீட், அதற்குக் கீழே கறுப்பாகக் குழாய், அதற்குக் கீழே பாறை. நான் பள்ளத்தில் இறங்கிப் பாறையைத் தொட்டுப் பார்த்தேன். என்ன சொல்வது, அதைப் பார்த்த பிறகு உன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. அப்படி ஒரு பாறை. நானாக இருந்தாலும் என்ன செய்திருப்பேனோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் சுவரைப் பார்த்தேன். நினைத்ததை விட்டுவிட்டேன்.

பாறையை இப்போது வெடியில்லாமல் அறுக்கும் மிஷின் வந்துவிட்டது. ஐந்து நாளில் அறுத்துவிட்டார்கள். புதுக் குழாய் நாலு அடியில் போயிற்று. ஒவ்வொரு பத்தடிக்கும் டேப்பை இறக்கி நானே பார்த்தேன். நேற்றுக் காலை வால்வைத் திறந்தோம். தெருவே குழாயடியில் நின்றது. மாலையும் இல்லை, பேச்சும் இல்லை. முதலில் காற்று, அப்புறம் சிவப்பு, அப்புறம் சுத்தமாக வந்தது. நான் இருவரையும் நினைத்துக்கொண்டேன், அம்மாவையும் உன்னையும். அழுதேன். முகத்தில் தண்ணீர் தெறித்ததுபோலத் துடைத்துக்கொண்டேன்.

உன் பெயர் பட்டியலில் அப்படியேதான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி இனி நான் கேட்க மாட்டேன், நீயும் கேட்க மாட்டாய் என்று தெரியும். இந்த ஊரில் நீ டெண்டர் போட முடியாது. நகரசபையின் வேலை எதையும் எடுக்க முடியாது. அந்தத் தீர்மானத்தை நேற்று மறுபடி முழுவதும் படித்துப் பார்த்தேன். அக்கா வீட்டுக்கு வரக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா.

அக்கா